தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்களா? பரீட்சைக்கு இப்படித் தயாராகுங்கள்

பரீட்சைத் தேதி வந்துவிட்டது, சிலபஸ் அப்படியே கிடக்கிறது. காலையில் எழும்போது "இன்றைக்கு எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும்" என்று நினைக்கிறீர்கள், சாயங்காலம் ஆனதும் "சரி, நாளைக்குக் காலையில் ஃபிரெஷ்ஷாக ஆரம்பித்துக்கொள்ளலாம்" என்று முடிந்துவிடுகிறது. இந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் வாரத்திலிருந்தே ஒழுங்காகப் படித்து வருகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. வரப்போகிற பாடங்களில் ஏதாவது ஒன்றின் பழைய வினாத்தாளை எடுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை ஒரு வெற்றுத் தாளின் மேலே எழுதிக்கொண்டு, புத்தகத்தையோ நோட்ஸையோ திறக்காமல், பத்து நிமிடம் தெரிந்ததை எழுதுங்கள். இரண்டு வரிதான் வருகிறதென்றால் அந்த இரண்டு வரி போதும். எழுதிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

ஏன் இதை முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், தள்ளிப்போடும் பழக்கத்தை முதலில் சரிசெய்துகொண்டு அதற்கப்புறம் படிக்க உட்காரலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், அதற்கே ஒரு வாரம் போய்விடுகிறது. பழக்கத்தை மாற்றுவது பற்றி வீடியோ பார்ப்பது, புது ஆப் இறக்குவது, டைம்டேபிளுக்குக் கலர் அடிப்பது என்று அதுவே தள்ளிப்போடுவதன் இன்னொரு வடிவமாகிவிடுகிறது. இரண்டையும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. படிப்பதை "பார்க்காமல் ஒரு கேள்விக்கு விடை எழுதுவது" என்ற அளவுக்குச் சின்னதாக்கிவிட்டால், ஆரம்பிப்பதும் சுலபமாகிறது, படித்தது மனதில் நிற்பதும் கூடுகிறது.

ஏன் உட்கார மனசு வருவதில்லை

தள்ளிப்போடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் கவனித்துப் பாருங்கள், பரீட்சை நேரத்தில்தான் அறையைப் பெருக்குவோம், அலமாரியை அடுக்குவோம், மாதக்கணக்கில் கிடப்பில் இருந்த மெயிலுக்கெல்லாம் பதில் போடுவோம். உழைப்பதற்கு உடம்பு தயாராகத்தான் இருக்கிறது, அந்த ஒரு புத்தகத்தைத் திறப்பதில்தான் தடை. ஃபூஷியா சிரோவா, திமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவதை நேர நிர்வாகப் பிரச்சினையாகப் பார்ப்பதைவிட அந்த நேரத்து மனநிலையைச் சமாளிக்கும் முயற்சியாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. புத்தகத்தைத் திறந்ததும் உள்ளே ஒரு சின்ன நெருடல் வருகிறது, மூடிவைத்துவிட்டுப் போனை எடுத்ததும் அது அடங்குகிறது. அந்த ஒரு நிமிட நிம்மதிதான் பரிசு. பரிசு கிடைத்த காரியத்தை மனம் திரும்பத் திரும்பச் செய்யும்.

அந்த நெருடல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாத குழப்பம். சிலருக்குப் பயம்: திறந்து பார்த்தால் எவ்வளவு தெரியாது என்பது தெரிந்துவிடுமே. இந்தப் பயம் நன்றாகப் படித்துப் பேர் வாங்கியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்று நினைக்கிறேன், அவர்களுக்கு இழப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. இன்னும் சிலருக்குச் சலிப்பு, அந்தப் பாடமே பிடிக்காது. உங்களுடையது எது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள், ஏனென்றால் வழி கொஞ்சம் மாறும். குழப்பம் என்றால் வேலையை இன்னும் சின்னதாக வெட்ட வேண்டும். பயம் என்றால், எழுதும் முதல் விடை யார் கண்ணிலும் படப்போவதில்லை, கிழித்துப் போட்டுவிடலாம் என்று நீங்களே உங்களுக்கு அனுமதி கொடுத்துக்கொள்ள வேண்டும். சலிப்பு என்றால் நேரத்தைக் குறைத்து, பிடித்த பாடம் ஒன்றோடு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் குற்ற உணர்ச்சி வேறு வந்து சேர்ந்துகொள்ளும். "மூன்று வாரத்தை வீணாக்கிவிட்டேனே" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டால் அடுத்த நாள் சுறுசுறுப்பு வரும் என்று தோன்றும். வராது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்து நடத்தி, 2010-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மேசையைப் பார்த்தாலே போன வாரத்துக் குற்ற உணர்ச்சி கிளம்புகிறதென்றால், அந்த மேசையிலிருந்து ஓடத்தானே தோன்றும். போன நாட்கள் போனவைதான், இருக்கிற நாட்களுக்குக் கணக்குப் போடுவோம்.

படிப்பது போலவே இருக்கும், ஆனால்

உட்கார்ந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, ஹைலைட்டரால் கோடு போடுவது, ஏற்கெனவே இருக்கும் நோட்ஸை அழகான கையெழுத்தில் இன்னொரு முறை எழுதுவது. மூன்று மணி நேரம் போனதே தெரியாது, எழுந்திருக்கும்போது திருப்தியாகவும் இருக்கும். பரீட்சை ஹாலில்தான் தெரியும், பக்கத்தின் எந்த மூலையில் அந்த விஷயம் இருந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது, விஷயம் மட்டும் வரவில்லை. தெரிந்த முகத்தைத் தெருவில் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, அவர் பெயரைச் சட்டென்று சொல்ல முடிவது வேறு. வாசிக்க வாசிக்க முதலாவதுதான் வளர்கிறது, பரீட்சையில் கேட்பது இரண்டாவதை.

இதை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை நான்கு தவணை வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான். அதாவது "நன்றாகப் படித்துவிட்டேன்" என்ற உணர்வை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 2013-ல் ஜான் டன்லாஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் பத்து படிப்பு முறைகளை எடுத்து அலசியபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் முதல் தரத்தில் வந்தன. கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின.

தெரியாத பாடத்தை முதல் தடவை படிக்கும்போது வாசித்துத்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஒரு தடவை புரிந்து வாசித்த பிறகு இரண்டாம் தடவை வாசிக்காதீர்கள், மூடிவைத்து எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

ஒரு கேள்வி, ஒரு தாள்

இதை எப்படிச் செய்வது என்று ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். பொருளாதாரம் படிக்கிற ஒருவர் இந்தக் கேள்வியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "தேவையின் விலை நெகிழ்ச்சி என்றால் என்ன? ஒரு பொருளின் விலை 10 சதவீதம் ஏறியதால் தேவை 5 சதவீதம் குறைந்தால், விற்பவரின் வருவாய் கூடுமா குறையுமா?"

புத்தகம் மூடியிருக்கிறது, போன் வேறு அறையில். நீலப் பேனாவால் எழுதத் தொடங்குகிறார். "விலை மாறினால் தேவை எவ்வளவு மாறுகிறது என்பதே நெகிழ்ச்சி." அப்புறம் கணக்கு: 5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.5. இதுவரை ஓடுகிறது. வருவாய் என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. புத்தகத்தைத் திறக்கக் கை துறுதுறுக்கும். திறக்கக் கூடாது. இரண்டு நிமிடம் யோசிக்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை, "தேவை குறைவதால் வருவாயும் குறையும்" என்று உத்தேசமாக ஒன்றை எழுதிவைக்கிறார். அந்த உத்தேசம் முக்கியம். தப்பாகவே இருந்தாலும் ஒரு விடையை எழுதிவிட்டால், சரியான விடையைப் பார்க்கும்போது அது நன்றாகப் பதியும்.

இப்போது புத்தகம் திறக்கலாம். சிவப்புப் பேனாவை எடுத்துத் தானே திருத்துகிறார். வரையறையில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, "சதவீத மாற்றம்" என்று இருக்க வேண்டும். தேவையில் ஏற்படும் சதவீத மாற்றத்தை விலையில் ஏற்படும் சதவீத மாற்றத்தால் வகுத்தால் வருவதுதான் நெகிழ்ச்சி. வருவாய்ப் பகுதி முழுவதும் தப்பு. நெகிழ்ச்சி 1-க்குக் குறைவாக இருந்தால், விலை ஏறும்போது வருவாய் கூடும். நம்ப முடியவில்லை என்றால் போட்டுப் பார்க்கலாம்: விலை 100, விற்பனை 100 என்றால் வருவாய் 10,000. விலை 110 ஆகி விற்பனை 95 ஆனால் 10,450. கூடித்தான் இருக்கிறது.

கடைசியாகத் தாளின் அடியில் ஒரே வரி: "நெகிழ்ச்சி 1-க்குக் கீழே, விலை ஏறினால் வருவாய் ஏறும், மறந்தேன்." அவ்வளவுதான். மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடம். நெகிழ்ச்சி பற்றிய பத்துப் பக்கத்தை மறுபடி வாசித்திருந்தால் அந்த ஒரு ஓட்டை கண்ணில் பட்டிருக்காது, வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே போயிருக்கும்.

தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சிவப்பு வரிகள்தான் இனி உங்கள் ரிவிஷன் நோட்ஸ். பரீட்சைக்கு முந்தைய நாள் முந்நூறு பக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திகைப்பதற்குப் பதிலாக, நீங்கள் எங்கெங்கே சறுக்குகிறீர்கள் என்பது மட்டும் உள்ள நாலைந்து தாள் கையில் இருக்கும். தினமும் இரண்டு மூன்று தாள் சேர்ந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியும், தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய தெம்பு. எத்தனை மணி நேரம் படித்தேன் என்று எண்ணாமல் எத்தனை தாள் எழுதினேன் என்று எண்ணுங்கள்.

பாடத்துக்குப் பாடம் கொஞ்சம் மாறும். கணக்கு, இயற்பியல் மாதிரிப் பாடங்களில், செய்து காட்டியிருக்கும் கணக்கைப் பார்த்துத் தலையாட்டாமல் மூடிவைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே வகைக் கணக்கைப் பத்து தடவை போடாமல், வெவ்வேறு யூனிட்டிலிருந்து கலந்து எடுங்கள், ஏனென்றால் பரீட்சையில் இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. கட்டுரை விடை எழுத வேண்டிய பாடங்களில் எல்லாவற்றையும் முழுதாக எழுதிக்கொண்டிருக்க முடியாது, எழுதவும் வேண்டாம். ஐந்தாறு குறிப்பாக எலும்புக்கூட்டை மட்டும் எழுதிவிட்டு, மூன்றில் ஒன்றை மட்டும் நேரம் வைத்து முழுதாக எழுதிப் பாருங்கள். பெயர், ஆண்டு, சூத்திரம், மருந்துப் பெயர் என்று மனப்பாடமாக இருக்க வேண்டியவற்றுக்குச் சின்ன அட்டைகள் போதும், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. அன்கி மாதிரி ஆப்பும் இதையே செய்கிறது. ஆனால் ஒன்று, ஆப்பில் அட்டை தயார் செய்வதிலேயே நாலு நாள் ஓடிவிடும், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டென்றால் காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதை முதலில் எடுப்பது

இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், உண்மையாகவே சொல்கிறேன், திட்டம் போடுவது அவ்வளவு சுகமான வேலை.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம். சிலபஸில் உள்ள தலைப்புகளை வரிசையாக எழுதி, பழைய வினாத்தாள்கள் நாலைந்தைப் பக்கத்தில் வைத்து, எது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கோடு போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குறி: இப்போதே கேட்டால் எழுதுவேன், அரைகுறையாகத் தெரியும், சுத்தமாகத் தெரியாது. இந்தக் குறியை மனம்போன போக்கில் போடாதீர்கள். தலைப்பைப் பார்த்ததும் மூன்று விஷயம் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

தொடங்க வேண்டியது அரைகுறையாகத் தெரிந்ததில், அதிலும் அடிக்கடி கேட்கப்படுவதில். பலர் சுத்தமாகத் தெரியாத, எல்லாவற்றிலும் கடினமான தலைப்பை முதலில் முடித்துவிட்டால் நிம்மதி என்று அதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள், அன்றைக்கே மனசு உடைந்து மறுபடி தள்ளிப்போடத் தொடங்குகிறார்கள். வேறு சிலர் நன்றாகத் தெரிந்ததையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். அரைகுறையாகத் தெரிந்ததில் போடும் ஒரு மணி நேரம்தான் அதிக மார்க் தரும், கைக்கும் ஓட்டம் வரும். இரண்டு நாள் இப்படி ஓடியபிறகு தெரியாத தலைப்புகளை ஒவ்வொன்றாக நடுவில் நுழையுங்கள்.

நாட்களைப் பிரிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். ஆகவே ஒரு யூனிட்டுக்கு ஒரு நாள் என்று தோன்றினால் ஒன்றரை நாள் ஒதுக்குங்கள், நான்கு நாளுக்கு ஒரு நாளைக் காலியாக விடுங்கள். பின்தங்கிப் போனதை அந்த நாளில் பிடித்துக்கொள்ளலாம். காலி நாள் இல்லாத டைம்டேபிள் முதல் தடங்கலிலேயே கிழிந்துபோகும், கிழிந்ததும் "இனிமேல் என்ன" என்று மொத்தமாகக் கைவிடத் தோன்றும், அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

ஒரு தலைப்பை எழுதிப் பார்த்தாயிற்று, அது முடிந்தது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்துப் பார்த்து, மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது, அதற்கப்புறம் மெதுவாகத்தான் குறைகிறது என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது பொருளற்ற எழுத்துக்கூட்டங்களை. புரிந்து படித்தது அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனாலும் போகும். அதனால் எழுதிய தாளின் மூலையில் அடுத்து எப்போது பார்ப்பது என்று தேதி போட்டுவிடுங்கள். பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தால் ஒன்றிரண்டு நாள் இடைவெளி, ஒரு மாதம் இருந்தால் ஒரு வாரம் பத்து நாள் வரை விடலாம். அன்றைக்கு அதே கேள்வியைச் சிவப்பு வரியைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பாதி மறந்திருக்கும், எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் மறந்ததைத் தேடி எடுப்பதில்தான் ஞாபகம் உறுதிப்படுகிறது, ஆகவே அந்த எரிச்சலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

உட்காரும் அந்த ஐந்து நிமிடம்

தள்ளிப்போடுபவருக்குப் பெரும்பாலும் படிப்பு கஷ்டமில்லை, தொடங்குவதுதான் கஷ்டம். தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டால் அந்த நெருடல் தானாகத் தணிந்துவிடும். ஆகவே முயற்சி முழுவதையும் அந்த முதல் சில நிமிடத்தில் போடுங்கள்.

"நாளைக்குப் படிக்கணும்" என்பது முடிவே இல்லை. "நாளைக் காலைச் சாப்பாடு முடிந்ததும், ஜன்னல் பக்கத்து மேசையில், நெகிழ்ச்சிக் கேள்வியை எழுதுவேன்" என்பது முடிவு. எப்போது, எங்கே, எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வகைத் திட்டங்களைப் பல வருடம் ஆராய்ந்து, வெறும் ஆசையாக வைத்திருப்பதைவிட இப்படிச் சூழலோடு முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடப்பது கூடுகிறது என்று 1999-ல் எழுதினார். கடிகார நேரத்தைவிட ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது நல்லது. "ஒன்பது மணிக்கு" என்று வைத்தால் ஒன்பதே கால் ஆனதும் "சரி, பத்து மணிக்கு" என்று தள்ளிவிடுவோம். சாப்பிட்டு முடிப்பது அப்படித் தள்ளிப்போகாது.

படுக்கப் போகும் முன்பே மேசையைத் தயார் செய்துவிடுங்கள். வெற்றுத் தாள், மேலே எழுதிய கேள்வி, இரண்டு பேனா, வேறெதுவும் வேண்டாம். காலையில் என்ன படிப்பது என்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கை தானாகப் போனுக்குப் போகிறது.

போன் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைப்பது பயன்படாது, பக்கத்தில் இருந்தால் எடுப்போம். வேறு அறையில் வையுங்கள், அறை ஒன்றுதான் என்றால் பைக்குள் போட்டு மேலே வைத்துவிடுங்கள், எடுக்க எழுந்து போக வேண்டும் என்ற அளவுக்காவது தூரம் இருக்கட்டும். வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் யாரோ "நான் மூன்று யூனிட் முடித்துவிட்டேன்" என்று போடுவார்கள், அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குமே தவிர ஒரு வரி கூடுதலாக எழுதப்போவதில்லை. மியூட் செய்துவிட்டு மாலையில் ஒரு தடவை மொத்தமாகப் பாருங்கள்.

நேரம் வைத்துப் படிப்பதற்கு, ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் உருவாக்கிய பொமோடோரோ முறை பலருக்குத் தெரிந்திருக்கும்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நல்ல முறைதான், ஆனால் 25 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. சுத்தமாக உட்கார முடியாத நாளில் பத்து நிமிடம் வையுங்கள். ஓட்டம் பிடித்துவிட்டால் மணி அடித்தாலும் எழுந்திருக்காதீர்கள். ஓய்வில் மட்டும் போனைத் தொடாதீர்கள், ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாகிவிடும். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஏதாவது ஞாபகம் வரும், யாருக்கோ பதில் போட வேண்டும், ஏதோ ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று. பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து அதில் ஒரு சொல்லாகக் குறித்துவிட்டு எழுதுவதைத் தொடருங்கள். முக்கால்வாசி விஷயம் அப்புறம் பார்க்கும்போது அவசரமாகவே இருக்காது.

தனியாக உட்கார முடியவில்லை என்றால் ஒரு நண்பரோடு உட்காருங்கள், நேரிலோ வீடியோ காலிலோ. பேசக் கூடாது. ஆரம்பிக்கும்போது "நான் இந்தக் கேள்வியை எழுதப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு, முடிந்ததும் தாளைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். விளக்கம் சொல்லிக்கொடுப்பதும் நல்ல படிப்புதான், அதற்கு வேறு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் அரட்டையாகிவிடும்.

இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறதென்றால்

முழு சிலபஸையும் நுனிப்புல் மேய்ந்து ஒப்பேற்றிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பழைய வினாத்தாள்களில் அடிக்கடி வரும் தலைப்புகளில் பாதியையாவது எடுத்து, எழுதும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மீதிக்கு ஒவ்வொன்றுக்கும் வரையறை, ஒரு படம் அல்லது சூத்திரம், ஒரு உதாரணம் என்று குறைந்தபட்சம் வைத்துக்கொண்டால் வெற்றுத் தாளாக விட்டுவிட்டு வர வேண்டியிருக்காது.

இரவு முழுக்க விழிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அன்று படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, தூங்காமல் போனால் படித்ததும் சரியாகத் தங்காது, ஹாலில் கேள்வியைப் புரிந்துகொள்வதும் தடுமாறும். காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆகவே சாயங்காலத்தோடு நிறுத்திவிடுங்கள். ஐந்து மணி நேரமாவது தூங்கிவிட்டு விடியற்காலையில் எழுந்து சிவப்பு வரிகளைப் பாருங்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருக்கிறது, பிடித்த விஷயங்கள்கூடப் பிடிக்கவில்லை, வாழவே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் வருகிறது என்றால், அது தள்ளிப்போடும் பழக்கம் இல்லை, டைம்டேபிளால் அது சரியாகாது. சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல் அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கும் சிகிச்சையும் உதவியும் உண்டு. பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஒரு பரீட்சையை அப்புறமும் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு பரீட்சைக்கு நடுவில் உள்ள நாட்களிலும் பழைய பழக்கம் தலைகாட்டும். ஒன்று முடிந்த களைப்பில் "இன்றைக்கு ஒரு நாள்" என்று தொடங்கி அடுத்ததற்கு முந்தைய இரவு வரை போய்விடும். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுத் தூங்குங்கள், அதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். எழுந்ததும் அடுத்த பாடத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதிவிட்டு அன்றைய மாலையை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பரீட்சையின் விடைகளை நண்பர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கடைசிப் பரீட்சைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம், வினாத்தாளை அதுவரை பைக்குள்ளேயே வைத்திருங்கள்.